முல்லர் என்ற பெயரும் மாவு மில்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் மாலை நேர ஜெர்மன் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் நர்ஸிங் முடித்தவர்கள், மீதி இன்ஜினியரிங். முதல் வாரமே பாடத்தில் ஒரு ஹெர் (திரு) முல்லர் வந்து நிற்பார். அடுத்த பாடத்தில் ஃப்ரௌ (திருமதி) முல்லர். மூன்றாவது வாரம் யாராவது கையைத் தூக்கிவிடுவார்கள். அப்படிக் கேட்டவற்றை அவரவர் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

முல்லர்னா என்ன அர்த்தம் சார்? சும்மா பேரா, இல்ல ஏதாவது பொருள் இருக்கா?

பொருள் இருக்கிறது. மாவு அரைக்கும் ஆலையை நடத்துகிறவர் முல்லர். ஆலைக்கு ஜெர்மனில் ‘மூலெ’. அது ஜெர்மன் மண்ணில் முளைத்த சொல் அல்ல, லத்தீன் ‘மோலினா’விலிருந்து வந்தது. தண்ணீரில் சுழலும் ஆலையை ரோமானியர்களிடமிருந்து கற்றுக்கொண்டவர்கள் அதன் பெயரையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். அதற்கு முன் அவர்களிடம் இருந்தது நம் வீட்டுத் திருகை மாதிரிக் கையால் சுற்றும் கல்தான். ஆலைக்காரருக்குப் பழைய ஜெர்மனில் ‘முலினாரி’ என்று பெயர். இடைக்காலத்தில் அது ‘முல்னேரெ’ ஆனது. நடுவில் இருந்த னகரம் பக்கத்து லகரத்தோடு கரைந்து ‘முல்லர்’ ஆயிற்று.

இதே மோலினாதான் ஆங்கிலத்தில் ‘மில்’ ஆகி நம்மிடமும் வந்து சேர்ந்தது. சின்ன வயதில் தூக்குப்போசியில் அரிசியைக் கொடுத்து “மில்லுக்குப் போய் அரைச்சுட்டு வா, மொளகாய்க்குப் பின்னாடி போட வேண்டாம்னு சொல்லு” என்று என் ஆத்தா அனுப்புவார். பெல்ட் தடதடக்கும், துணிக்குழாய் வழியாக மாவு சூடாக இறங்கும். மில்காரரின் புருவம் வரைக்கும் வெள்ளையாக இருக்கும். ஆத்தாவுக்கு லத்தீனும் தெரியாது, ஜெர்மனும் தெரியாது. ஆனால் முல்லர் பெயரில் இருக்கும் அதே சொல்லைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதை எப்படித்தான் உச்சரிக்கிறது? மியூலர், முல்லர், மல்லர்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

தமிழில் நெடுங்காலமாக ‘முல்லர்’ என்றே எழுதி வருகிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். ஆனால் அந்த முதல் உயிரொலி உகரமும் இல்லை, இகரமும் இல்லை. ‘இ’ சொல்ல நாக்கை முன்னால் வையுங்கள். நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ‘உ’ போலக் குவியுங்கள். வருகிற ஒலிதான் அது.

தமிழ் ஒலியைக் கூர்ந்து கவனித்தவர்களுக்கு இது சுலபம். நம் குற்றியலுகரம் இதற்கு நேர் எதிர். ‘காது’, ‘பாட்டு’ என்னும்போது கடைசி உகரத்துக்கு நாக்கு பின்னால் இருக்கும், உதடு குவியாது. ஜெர்மன் ஒலியில் நாக்கு முன்னால், உதடு குவியும். இன்னொன்று, கடைசி ரகரத்தை உருட்ட வேண்டாம். அது ஏறக்குறைய ‘அ’ மாதிரிக் கரைந்துவிடும். ‘மல்லர்’ என்பது அமெரிக்க உச்சரிப்பு, ஜெர்மனியில் அப்படிச் சொன்னால் விழிப்பார்கள்.

ஃபார்ம்ல டைப் பண்ணும்போது மேல இருக்கிற ரெண்டு புள்ளியை விட்டுடலாமா?

விடக் கூடாது. அந்தப் புள்ளிகள் அலங்காரம் இல்லை, எழுத்தே வேறு. ‘குல்லா’வில் காலை விட்டால் ‘குல்ல’ என்று ஆகிவிடும் இல்லையா, அது போல. விசைப்பலகையில் அந்த எழுத்து இல்லையென்றால் ‘யு’வுக்குப் (u) பின்னால் ஓர் ‘இ’ (e) சேர்த்து எழுதுவது வழக்கம். ஜெர்மன் பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியிலும் அப்படித்தான் அச்சாகும். அந்தப் புள்ளிகளே, பழங்காலத்தில் உயிரெழுத்தின் தலைமேல் குட்டியாக எழுதிய ‘இ’ (e) தேய்ந்து தேய்ந்து வந்தவைதான்.

ஜெர்மனியில அதிகமா இருக்கிற குடும்பப் பெயர் இதுதானாமே, எல்லாருமா மாவு அரைச்சாங்க?

முதலிடம் இதற்குத்தான். அடுத்து வரும் ஷ்மிட் (கொல்லர்), ஷ்னைடர் (தையற்காரர்), ஃபிஷர் (மீனவர்), வேபர் (நெசவாளர்) எல்லாமும் தொழிற்பெயர்களே. அந்தக் காலத்தில் பெரும்பாலோர் விவசாயிகள்தானே, அப்படியானால் ‘விவசாயி’ என்ற பெயர் அல்லவா முதலில் நிற்க வேண்டும் என்று கேட்பீர்கள். பெயர் எதற்கு? ஆளை அடையாளம் காட்ட. ஊரே உழும்போது “உழுகிறாரே, அந்த ஹன்ஸ்” என்றால் யாரைத் தேடுவது? “ஆலைக்கார ஹன்ஸ்” என்றால் ஒரே ஆள். ஆலை ஊருக்கு ஒன்றோ இரண்டோதான், அதுவும் அப்பா, மகன், பேரன் என்று ஒரே வீட்டில் இருக்கும். பெயர் ஒட்டிக்கொள்ள இதைவிட வசதி ஏது?

ஆனால் அந்த முதலிடத்தில் ஒரு சின்ன ஏமாற்று இருக்கிறது. கொல்லரின் பெயரை ஷ்மிட், ஷ்மித், ஷ்மிட்ஸ் என்று ஊருக்கு ஊர் வேறு வேறு எழுத்தில் எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கூட்டினால் கொல்லர் முந்திவிடுவார். முல்லருக்கு எழுத்துக் குழப்பம் குறைவு, அதனால் பட்டியலில் மேலே நிற்கிறது. நாம் ‘குப்பன் சுப்பன்’ என்கிற இடத்தில் ஜெர்மானியர்கள் ‘லீஸ்ஷென் முல்லர்’ என்பார்கள், அதாவது சாதாரண வீட்டுப் பெண்.

அப்ப தாமஸ் முல்லரும் கெர்ட் முல்லரும் சொந்தக்காரங்களா?

இல்லை. இருவரும் பவேரியாவில் பிறந்தவர்கள், பயர்ன் மூனிக் அணிக்கு ஆடியவர்கள். உலகக் கோப்பைக் கால்பந்தில் இருவர் முதுகிலும் 13. கெர்ட் 1970ல் 10 கோல் அடித்து அந்தப் போட்டித் தொடரின் கோல் முதல்வர் ஆனார், தாமஸ் 2010ல் 5 கோலோடு அதே பட்டத்தை வாங்கினார். இவ்வளவு ஒற்றுமை இருந்தும் உறவு கிடையாது. முந்தின பதிலில் சொன்னபடி, ஒவ்வோர் ஓடைக்கரை ஆலையிலும் இந்தப் பெயர் தனித்தனியாகப் பிறந்தது. ஒரே பெயர் என்பதால் ஒரே வேர் ஆகாது.

எப்பலேர்ந்து இந்தக் குடும்பப் பெயர் வழக்கம்? நம்ம மாதிரி இனிஷியலோட இருந்திருக்கக் கூடாதா?

இருந்தார்கள். வடமேற்குக் கடலோரத்தில் ஃப்ரீஸியர்கள் அப்பா பெயரைத்தான் தலைமுறைதோறும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள். 1811ல் நெப்போலியன் ஆட்சியின் ஆணை வந்துதான் நிலையான குடும்பப் பெயர் வைக்கச் சொன்னது. தெற்கிலும் மேற்கிலும் உள்ள நகரங்களில் 12ஆம் நூற்றாண்டு முதலே வழக்கம் தொடங்கிவிட்டது. வியாபாரம் பெருகி, பத்திரத்தில் நாலு ஹன்ஸ்களைப் பிரித்துக்காட்ட வேண்டிய தேவை வந்ததுதான் காரணம். 1876 தொடக்கத்தில் ஜெர்மன் பேரரசு முழுக்க அரசுப் பிறப்பு இறப்புப் பதிவு வந்தபின் எழுத்தும் உறைந்துவிட்டது. அதுவரை ஒரே ஆளைப் பாதிரியார் ஞானஸ்நான ஏட்டில் ஒருவிதமாகவும் கல்யாண ஏட்டில் வேறுவிதமாகவும் எழுதியிருப்பார்.

ஆலைக்காரர்னா ஊர்ல நல்ல மதிப்பு இருந்திருக்குமே?

பணம் இருந்தது. மதிப்பு அவ்வளவு எளிதாக வரவில்லை. பல ஊர்களில் குடியானவன் இன்ன ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்று கட்டாயம் இருந்தது. பக்கத்து ஊரில் மலிவாக அரைக்கிறார்கள் என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கூலி காசாக அல்ல, தானியமாக. ‘மெட்ஸெ’ என்ற மரக்காலால் அளந்து எடுத்துக்கொள்வார், பதினாறில் ஒரு பங்கு என்பது பரவலான கணக்கு. மூட்டை உள்ளே போகிறது, மாவாகத் திரும்பி வருகிறது. எவ்வளவு உமி, எவ்வளவு தூசியாய்ப் பறந்தது, எவ்வளவு அவர் தொட்டியில் தங்கியது என்று யார் கண்டது? கொடுத்த ஆள் வெளியே உட்கார்ந்து சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பான். “தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான்” என்று நம் ஊரில் தட்டாரை வைதார்களே, அதே சந்தேகம், அதே அநியாயமான பொதுமைப்படுத்தல்.

விளைவு கொடுமையானது. பல நகரங்களில் ஆலைக்காரர் மகனைத் தொழிற்குழுக்களில் சேர்க்க மாட்டார்கள், ‘மானமில்லாத தொழில்’ என்று ஒதுக்கினார்கள். நெசவாளர், நாவிதர், ஆட்டிடையர், ஊதுகுழல்காரர் பிள்ளைகளுக்கும் இதே கதி. 1548ல் ஆக்ஸ்பர்கில் கூடிய பேரரசு மன்றத்தின் ஆணை, இவர்கள் பிள்ளைகளை ஒதுக்கக் கூடாது என்றது. 1577ல் அதையே மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை ஊர் எப்படிக் கேட்டது என்று அதிலேயே தெரிகிறது. குறிப்பிட்ட ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்ற கட்டாயத்தைப் பிரஷ்யா 1810ல்தான் ஒழித்தது.

ஆலை வாசலில் பிறந்த ஒரு சட்டம் இன்றும் பழமொழியாக உலவுகிறது: “முதலில் வருபவர் முதலில் அரைப்பார்.” 13ஆம் நூற்றாண்டின் சாக்ஸனிச் சட்டத் தொகுப்பிலேயே இந்த விதி இருக்கிறது. ஜெர்மனியில் வாடகை வீடு தேடிப் போகிறவர்கள் இதை அடிக்கடி கேட்பார்கள்.

என் ஹாஸ்பிடல் காண்ட்ராக்ட்ல மேனேஜர் பேரு ‘மொல்லர்’னு இருக்கு. அது ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா?

இல்லை, அவர் வடக்கத்திக்காரர், அல்லது அவர் முன்னோர் வடக்கு. அங்கே பேசும் கீழ் ஜெர்மனில் உயிரொலி ஒகரத்தின் பக்கம் சாயும், அதனால் மொல்லர். தெற்கே பவேரியாவிலும் ஷ்வாபியாவிலும் உதடு குவியாமல் ‘மில்லர்’ ஆகிவிடும். ஆகவே ஜெர்மனியில் ஒரு மில்லரைப் பார்த்தால் ஆங்கிலேயர் என்று முடிவு கட்டாதீர்கள். மேலே சொன்ன, கரையாமல் தப்பித்த னகரம் ‘முல்னர்’ என்ற பெயரில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஆலையோடு நிலமும் வைத்திருந்தவர் ‘மூல்பாவர்’. ஆலை ஓடைப் பக்கம் குடியிருந்தவர் ‘மூல்பாஹர்’.

படித்தவர்கள் தங்கள் பெயரை லத்தீனில் மாற்றிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அப்போது முல்லர்கள் ‘மோலிட்டோர்’ ஆனார்கள், அதுவும் இன்று குடும்பப் பெயர். 15ஆம் நூற்றாண்டு வானியலாளர் ரெஜியோமோன்டானுஸ் இயற்பெயரில் யோஹன்னஸ் முல்லர்தான். ஆனால் அவருக்கு நிலைத்த பெயர் தொழிலிலிருந்து வரவில்லை, ஊரிலிருந்து வந்தது. பிறந்த ஊரான கோனிக்ஸ்பெர்க், அதாவது ‘அரசன் மலை’, லத்தீனில் அப்படி ஆயிற்று.

கோயமுத்தூர் மில்லுல நூல்தான் நூக்கிறாங்க, எதையும் அரைக்கலையே. அதை ஏன் மில்னு சொல்றோம்?

இந்த ஊரில் கேட்க வேண்டிய கேள்விதான். ஆற்றுச் சக்கரம் முதலில் மாவு அரைத்தது. பிறகு அதே சக்கரத்தை மரம் அறுக்க, எண்ணெய் பிழிய, கம்பளி மிதிக்க, இரும்பு அடிக்க மாட்டினார்கள். வேலை மாறினாலும் சக்கரத்தின் பெயர் தங்கிவிட்டது. ஜெர்மனில் அறுக்கும் ஆலையும் ‘ஸேகெமூலெ’தான். உல்மன் ஸ்ட்ரோமர் 1390ல் நூரன்பெர்க்கில் தொடங்கிய காகித ஆலையும் மூலெதான், அதுதான் ஜெர்மனியின் முதல் காகித ஆலை. ஆங்கிலத்திலும் அதே கதை. நீராவி வந்து, மின்சாரம் வந்து, சக்கரமே போய்விட்டது. பெயர் மட்டும் பீளமேடு வரைக்கும் வந்துவிட்டது.

டிக்‌ஷனரில ‘முல்’னா குப்பைன்னு போட்டிருக்கே! முல்லர்னா குப்பை அள்ளுறவரா?

ஒவ்வொரு பேட்சிலும் ஒருவர் இதைக் கண்டுபிடித்துச் சிரிப்பார். பெயர் குப்பையிலிருந்து வரவில்லை, முதல் பதிலில் சொன்ன ஆலையிலிருந்துதான். ஆனால் இரண்டும் தூரத்துச் சொந்தம். ‘முல்’ வடக்கிலிருந்து வந்த சொல், பழைய பொருள் பொடிமண், தூசி, கூட்டித் தள்ளியது. அதற்கும் வேர் ‘அரைத்தல்’தான், அதாவது அரைபட்டுப் பொடியானது. ஆலைக்கு வந்தது லத்தீன் வழி, குப்பைக்கு வந்தது சொந்த ஜெர்மானிய வழி. அப்பா பக்கமும் அம்மா பக்கமும் உறவாகும் ஆள் மாதிரி.

‘மாலன்’னா வரையறதுன்னு படிச்சேன். நீங்க அரைக்கிறதுங்கிறீங்க?

இரண்டும் உண்டு, காதுக்கு ஒன்றே. எழுத்தில் நடுவே ‘ஹெச்’ இருந்தால் அரைப்பது, இல்லாவிட்டால் வரைவது. இறந்தகால வடிவத்தில் பிரிந்துவிடும்: வரைந்தது ‘கெமால்ட்’, அரைத்தது ‘கெமாலன்’. காபிப் பொட்டலத்தில் பாருங்கள், ‘கெமாலன்’ என்றுதான் இருக்கும். அரைத்து வந்த மாவு ‘மேல்’. சாப்பாட்டைக் குறிக்கும் ‘மால்’ இதற்கு உறவில்லை, அது ‘வேளை’ என்ற பொருளுள்ள வேறு சொல். 18ஆம் நூற்றாண்டில் ஓவியராகவும் கவிஞராகவும் இருந்த ஃப்ரீட்ரிஹ் முல்லரை ‘மாலர் முல்லர்’ (ஓவியர் முல்லர்) என்றே அழைத்தார்கள். சத்தமாகச் சொன்னால் ‘அரைக்கிற அரைப்பவர்’ என்றும் கேட்கும்.

பொண்ணுங்களுக்கு முல்லரின்னு சொல்லணுமா? டீச்சரை ‘லேரரின்’னு சொல்றோமே.

இப்போது இல்லை. ஆணோ பெண்ணோ முல்லர்தான், முன்னால் ஹெர் அல்லது ஃப்ரௌ போட்டால் போதும். 18ஆம் நூற்றாண்டு வரை பெண்ணின் குடும்பப் பெயரோடும் ‘இன்’ சேர்ப்பது சகஜம். பழைய சர்ச் ஏட்டில் ‘முல்லரின்’ என்று பார்த்தால் அது வேறு குடும்பம் அல்ல. இன்று ‘முல்லரின்’ என்றால் ஆலைக்காரி, தொழில் மட்டும். ‘முல்லர்ஸ்’ என்று ஒரு ஸகரம் சேர்ந்தால் முல்லர் வீட்டார் எல்லோரும்.

மற்ற நாட்டுலயும் இந்தப் பேர் இருக்கா?

ஆலை இருந்த இடமெல்லாம் இருக்கிறது. நெதர்லாந்தில் முல்டர், மோலெனார். பிரான்ஸில் மெனியே. இத்தாலியில் மோலினாரி. ஹங்கேரியில் மோல்னார். உக்ரைனில் மெல்னிக், ரஷ்யாவில் மெல்னிகோவ். அமெரிக்க மில்லர்களில் ஏராளமானோர் கப்பலேறிப்போன முல்லர்கள், அக்கம்பக்கத்தார் வாய்க்கு வசதியாகப் பெயரை மாற்றிக்கொண்டவர்கள்.

தமிழ் ‘மெல்’தான் ஜெர்மன் ‘மாலன்’ ஆச்சுன்னு ஒரு வீடியோ பார்த்தேன். ‘மெல்லுதல்’, ‘அரைத்தல்’, பொருளும் ஒத்துவருதே?

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு சொல் ஒலியில் ஒத்துப்போவது உறவுக்குச் சான்று ஆகாது. ஒலி மாற்றம் பல சொற்களில் ஒரே ஒழுங்கில் நடந்திருக்க வேண்டும். நம் ‘மெல்’லுக்குச் சொந்தம் கன்னட ‘மெல்லு’ போன்ற திராவிடச் சொற்கள். ஜெர்மன் சொல்லுக்குச் சொந்தம் லத்தீன் மோலெரெ, லிதுவேனிய மால்தி. இரண்டு குடும்பமும் தனித்தனியாகத் தெளிவாக நிற்கின்றன. மாவரைக்கும் லத்தீன் சொல்லிலிருந்துதான் ஆங்கிலத்தில் கடைவாய்ப்பல்லுக்கு ‘மோலார்’ என்று பெயர் வந்தது. பல் அரைக்கிறது, நாம் மெல்லுகிறோம். பொருள் இவ்வளவு பக்கத்தில் இருப்பதால்தான் மனசு ஏமாறுகிறது.

மாக்ஸ் முல்லர் குடும்பத்துல யாராவது மில் வெச்சிருந்தாங்களா?

ரிக் வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லரின் தாத்தா தையற்காரர். அப்பா வில்ஹெல்ம் முல்லர், டெஸ்ஸாவ் ஊர்க் கவிஞர். அந்தத் தையற்காரர் மகன்தான் ஆலைக்கார இளைஞன் ஒருவன் நடைப்பயணம் போவதையும் ஆலைக்காரப் பெண்ணைக் காதலித்து ஏமாறுவதையும் பாட்டுப் பாட்டாக எழுதினார். மகன் பிறந்த அதே 1823ல் ஷூபர்ட் அவற்றுக்கு இசையமைத்தார். பெயர் உறைந்த பிறகு தொழில் எங்கோ போய்விடும் என்பதற்கு இந்த வீடு போதும்.

மகனுக்கு முல்லர் என்ற பெயர் போதவில்லை. ஊரெல்லாம் முல்லர் என்பதால் ‘மாக்ஸ்’ என்ற தன் முன்பெயரையும் குடும்பப் பெயரோடு சேர்த்து ஒன்றாக்கிக்கொண்டார். இந்தச் சங்கடம் அவருக்கு மட்டும் இல்லை. திராட்சை ஆய்வாளர் ஹெர்மன் முல்லர் ‘துர்காவ்’ என்ற தன் சுவிஸ் மாநிலத்தின் பெயரைச் சேர்த்துக்கொண்டார், அவர் 1882ல் கலந்து உருவாக்கிய திராட்சை வகைக்கும் முல்லர்-துர்காவ் என்றே பெயர்.

1849 முதல் 1874 வரை ஆறு தொகுதிகளாக மாக்ஸ் முல்லர் ரிக் வேதத்தைப் பதிப்பித்தார், இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமலேயே. அதன் சமஸ்கிருதத் தலைப்புப் பக்கத்தில் அவர் ‘மோட்சமூலர்’. ஆக்ஸ்ஃபோர்டை அர்த்தம் பார்த்து ‘கோதீர்த்தம்’ (மாடு இறங்கும் துறை) என்று மொழிபெயர்த்தவர், தன் பெயருக்கு மட்டும் அர்த்தம் பார்க்கவில்லை, ஒலியைப் பார்த்தார். பார்த்திருந்தால் வேதத்தின் முகப்பில் ஒரு மாவு மில்காரர் உட்கார்ந்திருப்பார்.